இரண்டு மீட்டரில் மயில் உள்ளான்

"அந்தப் பறவைல ஆம்பளதாங்க சார் குஞ்ச வளக்குது" என்று ரைஹானா சொல்லி வாய் மூடவில்லை, ஹாலே கொல்லென்று சிரித்தது.

சிரித்தவர்கள் வேறு யாருமில்லை, ஆவடி, அம்பத்தூர் பக்கத்துப் போட்டோ பைத்தியங்கள் முப்பது பேர். வாரமெல்லாம் ஆபீஸ், ஒர்க்‌ஷாப் என்று மாரடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் விடிவதற்குள் எழுந்து ஏரி ஏரியாகப் பறவை தேடிப் போகிறவர்கள். 'மேற்கு லென்ஸ்' என்று தங்களுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜெகதீஷின் கம்பெனி கேன்டீனில் அவ்வப்போது கூடுவார்கள். ஜெகதீஷ்தான் தலைவர். அவருக்கு ஓட்டுப் போட்டதாக யாருக்கும் ஞாபகமில்லை. ஹால் அவருடையது, குழுவிலேயே பெரிய லென்ஸும் அவருடையது, அப்புறம் வேறு யார் தலைவராக இருக்க முடியும்?

"எங்க ஊட்ல இத சொல்லிடாதீங்க மேடம், நாளைக்கே என் கைல டயப்பர குடுத்துடுவா" என்றான் பின்வரிசையில் ஒருவன். அதற்கு இன்னொரு சிரிப்பு.

ஜெகதீஷ் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அது இன்னும் மோசம். "மேடம், உங்க லென்ஸ் என்ன?"

"எரநூத்தம்பது சார்."

"எரநூத்தம்பதுல பறவை இருக்கா இல்லையான்னே தெரியாது. அதுல ஆம்பள பொம்பள வேற தெரிஞ்சிச்சா? சரி, போட்டோவைப் போடுங்க."

லென்ஸில் அந்த எண் கூடக் கூட, தூரத்துப் பறவை பக்கத்தில் வரும். ஜெகதீஷிடம் இருந்தது அறுநூறு. அதைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தனியாக ஓர் ஆள் வைத்திருந்தார். ரைஹானாவின் படம் திரையில் வந்தபோது அவளுக்கே மனசு விட்டுப்போனது. வீட்டில் லேப்டாப்பில் பார்க்கும்போது ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. இங்கே சுவர் அளவுக்குப் பெரிதாக்கியதும், கோரைப் புல்லும் அதற்குப் பின்னால் பழுப்பாக ஒரு திட்டும்தான் மிஞ்சின.

"எனக்குப் புல்லுதான் தெரியுது" என்றார் ஜெகதீஷ். "சாதா உள்ளானா இருக்கும் மேடம். விடுங்க."

விடுவதாவது! உள்ளான் என்பது சேற்றில் நீண்ட மூக்கை விட்டுப் புழு தேடும் பறவை. சாதா உள்ளான் குளிர்காலத்தில் விருந்தாளியாக வரும், வெயில் ஏறினால் வடக்கே போய்விடும், இங்கே முட்டை வைக்காது. மயில் உள்ளான் கதையே வேறு. அதில் பெட்டைக்குத்தான் கழுத்தெல்லாம் நிறம், கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி வெள்ளைப் பட்டை. முட்டையை வைத்துவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விடுவாள். மங்கலாக, சேற்று நிறத்தில் இருக்கும் ஆண்தான் அடைகாத்து, குஞ்சு பொரித்து, ஆளாக்கி அனுப்பும். குழுவில் ஒருத்தர்கூட இந்த மேற்குப் பக்கத்து ஏரிகளில் அதைக் குஞ்சோடு பார்த்ததில்லை. ரைஹானா பார்த்திருந்தாள். பாரிவாக்கத்துக்குப் பின்னால், மேப்பில் பெயர்கூட இல்லாத, கோரைத் தாங்கல் என்கிற சின்ன ஏரியில், அப்பனும் நான்கு குஞ்சுகளும் வரிசையாகப் போனதைத் தன் இரண்டு கண்ணால் பார்த்திருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழுவின் பறவைப் பட்டியல் முடிவாகிறது. அது சின்னப் புத்தகமாக அச்சாகும். ஒவ்வொரு பறவைக்கும் எதிரில் அதை முதலில் பார்த்தவரின் பெயர் இருக்கும். "போட்டோ இல்லேன்னா லிஸ்ட்ல இல்ல" என்றார் ஜெகதீஷ். "ரூல் எனக்கும் அதேதான் மேடம்."

ரூலைப் பற்றி ரைஹானாவுக்குப் புகார் இல்லை. ரூல் சரிதான். அவளுக்கு வயிறெரிந்தது அந்தச் சிரிப்புக்குத்தான். நான்கு வருஷமாக ஒரு நாள் விடாமல் அந்தத் தாங்கலைப் பார்த்துக்கொண்டிருப்பவள், பார்த்தேன் என்று சொன்னால் பார்த்தேன் என்றுதானே அர்த்தம்? குழுவில் புர்கா போட்டவள் அவள் ஒருத்திதான். அதனால் சிரித்தார்களா, சின்ன லென்ஸ் என்பதால் சிரித்தார்களா, ஆம்பளை பிள்ளை வளர்க்கிறான் என்றதால் சிரித்தார்களா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை. மூன்றும் சேர்ந்துதான் அவளைக் குத்தின.

புருஷன் மஸூத் பைக்கில் கூட்டிப் போக வந்திருந்தான். நசரத்பேட்டையில் நெடுஞ்சாலை ஓரமாக பைக்குக்கும் ஆட்டோவுக்கும் சீட் கவர் தைக்கும் கடை அவனுடையது. வேலப்பன்சாவடி வரைக்கும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள்.

"இன்னா ரைஹா, மூஞ்ச தூக்கி வெச்சிகினு வர்றே?"

சொன்னாள். டயப்பர் ஜோக்கையும் விடவில்லை.

"ஆம்பள புள்ள வளத்தா சிரிப்பாங்களாமா?" மஸூத் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான். "அப்ப என்ன பாத்தா உயுந்து உயுந்து சிரிப்பானுங்களே! காலைல சஹருக்கு ரெட்ட ஜடை போட்டது யாரு? சின்னவனுக்குக் கால் கயுவி உட்டது யாரு?"

"நீங்கதான்."

"அப்புறம் இன்னா? போயி எடுத்துகினு வா. அடுத்த ஞாயித்துக்கெழம அவனுங்க மூஞ்சில போடு."

அவன் பாட்டுக்குச் சொல்லிவிட்டான். எதை வைத்து எடுப்பது? அவளிடம் இருந்த கேமரா, அண்ணன் சாதுல்லா கத்தாரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. பிள்ளைகளைப் படம் எடுத்து அனுப்பட்டும் என்று கொடுத்தான் அவன். இவள் மகள் சஹரைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில், கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தியை ஒரு நாள் எடுத்துப் பார்த்தாள். அவ்வளவுதான், பிள்ளைகளின் படங்கள் நின்றுபோயின. அண்ணன் போன் பண்ணும்போதெல்லாம், "என் மருமவள அனுப்புடின்னா கொக்க அனுப்புறியே" என்று கத்துவான். ட்ரைபாடு என்கிற முக்காலி அவளிடம் இல்லை. மஸூத் தன் கடையிலிருந்த ரெக்ஸினில் ஒரு பை தைத்து, வண்டு விழுந்த துவரம்பருப்பை அதில் அடைத்துக் கொடுத்திருந்தான். தரையில் போட்டு அதன்மேல் கேமராவை வைத்தால் ஆடாமல் அசையாமல் நிற்கும். மழையில் நனைந்தால் மட்டும் கிட்டே போக முடியாது, அப்படி ஒரு நாற்றம்.

செவ்வாய்க்கிழமை டேவிட் போன் பண்ணினார். ஆவடியில் தொழிற்சாலை வேலை, குழுவில் அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு அவரும் ஹாலில் இருந்தார், ஆனால் சிரிக்கவில்லை. அதை ரைஹானா கவனித்திருந்தாள்.

"சிஸ்டர், என்கிட்ட நூத்தம்பதுலருந்து அறுநூறு வரைக்கும் போற லென்ஸ் ஒண்ணு சும்மாதான் இருக்குது. சனிக்கிழம வரைக்கும் வெச்சிக்குங்க. தூரமா ஒக்காந்து எடுங்க, குஞ்சுங்கள வெரட்டிடாதீங்க."

லென்ஸ் இரண்டு கிலோ இருந்தது. பத்து மாதக் குழந்தையைத் துண்டில் சுற்றி வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலமே குழு வாட்ஸப்பில் ஜெகதீஷ் ஓர் அறிவுரை போட்டார். பறவை எடுக்கப் போகிறவர்கள் கறுப்பு உடை அணியக் கூடாது, பறவை மிரளும். ராணுவப் பச்சை ஜாக்கெட் போட வேண்டும், இல்லையென்றால் ஹைடு கட்டாயம். ஹைடு என்பது துணிக் கூடாரம். உள்ளே ஆள் உட்கார்ந்து, ஓட்டை வழியாக லென்ஸை மட்டும் நீட்டினால், பறவைக்கு ஆள் இருப்பதே தெரியாது. ஜெகதீஷ் பொதுவாகத்தான் எழுதியிருந்தார். ரைஹானாவுக்கு மட்டும் அது தன் பெயர் போட்டு எழுதியதாகப் பட்டது.

ரோஷம் வந்துவிட்டது. புதன்கிழமை ஆவடி மார்க்கெட்டுக்குப் போய், புள்ளி புள்ளியாகப் பச்சையும் பழுப்புமாக ஒரு ஜாக்கெட் வாங்கினாள். அதற்கு ஒரு தொப்பியும். வீட்டில் போட்டுக் காட்டியபோது சஹர் சல்யூட் அடித்தாள்.

வியாழக்கிழமை விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் புர்காவை ஆணியிலேயே விட்டுவிட்டு, சுடிதாருக்கு மேல் ஜாக்கெட்டை மாட்டி, ஸ்கூட்டியில் கிளம்பினாள். கோரைத் தாங்கலில் பனி இறங்கியிருந்தது. பொங்கல் கழிந்து பத்து நாள். மழைத் தண்ணீர் பாதி வற்றி, ஓரமெல்லாம் சேறும் கோரையுமாகக் கிடந்தது. வழக்கமாக உட்காரும் கருவேல மரத்தடிக்குப் போவதற்குள்ளேயே வெண்கொக்குகள் எழும்பின. மடையான்கள் எழும்பின. அந்தக் கரையிலிருந்த ஆள்காட்டி, 'ஆள் வருது, ஆள் வருது' என்று ஊரைக் கூட்டியது. பத்து நிமிஷத்தில் தாங்கலே காலி. உள்ளானின் மூக்குகூடத் தெரியவில்லை.

போதாக்குறைக்கு, அந்தக் கரையில் மாடு மேய்க்கும் பொன்னியம்மாவின் எருமைகள் வந்தன. எட்டு எருமை. தினமும் ரைஹானாவைச் சுற்றி மேய்பவை, அன்றைக்கு அவளைக் கண்டதும் மூச்சிரைக்கத் திரும்பி ஓடின. பின்னாலேயே பொன்னியம்மா ஓடிவந்தாள்.

"யார்டா அது, என் மாட்ட... அட, ரைனாவா? இன்னாம்மே, மிலிட்டிரில சேந்துகினியா?"

"படம் எடுக்க வந்தேங்க்கா."

"கிய்ச்சே! என் மாடு அந்தாண்ட நெடுஞ்சால பக்கமா ஓடிகினு கீது. கயட்டும்மே மொதல்ல இத்த. பாத்தா எனக்கே பேஜாரா கீது."

பொன்னியம்மா எருமைகளைத் திட்டிக்கொண்டே போய்விட்டாள். ரைஹானா அந்த ஜாக்கெட்டோடு சேற்றோரம் நின்றாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அப்போதுதான் உறைத்தது. நான்கு வருஷமாக இந்தத் தாங்கல் பார்த்துப் பழகியது கறுப்புத் துணி போட்ட ஒருத்தியை. அதே நேரம், அதே மரம், எருமைகளுக்கு நடுவில் அதே கறுப்பு. கொக்குக்கும் எருமைக்கும் ரைஹானா என்றால் அதுதான். இன்றைக்கு வந்தவள் யாரோ ஒருத்தி. ஜெகதீஷ் சொன்னது தப்பில்லை, புதுசாகப் போகிற ஏரிக்கு அது சரி. இங்கே வேஷம் போட்டு வந்தவள் அவள்தான். தன் புத்தியைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. வீணாய்ப்போன ஒரு நாளுக்கு யாரைத் திட்டுவது?

வெள்ளிக்கிழமை புர்காவில் போனாள். கொக்குகள் எழும்பவில்லை. ஆள்காட்டி கத்தவில்லை. எருமைகள் வந்து பக்கத்தில் படுத்தன. எல்லாம் வந்தன, உள்ளானைத் தவிர. வெயில் ஏறும்வரை கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தும் ஒரு குஞ்சுகூடக் கண்ணில் படவில்லை. நேற்று விரட்டிவிட்டோமா? கீரி தின்றுவிட்டதா? தன் அவசரத்தால் அந்த நான்கு பஞ்சு உருண்டைகளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? படம் கிடக்கட்டும், அதுகள் உயிரோடு இருந்தால் போதும் என்று துவா கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். மதியம் சோறு இறங்கவில்லை.

"நாளைக்கு ஒரு நாள் கீதுல்ல" என்றான் மஸூத், சாம்பாரை அவள் தட்டில் ஊற்றிக்கொண்டே. "இப்பவே ஏன் மையத்து உயுந்த ஊடு மாதிரி ஒக்காந்துகினு கீறே? துன்னு."

சனிக்கிழமை. ஐந்தரைக்கெல்லாம் கருவேல மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். பருப்புப் பையின் மேல் டேவிட்டின் லென்ஸ். மடியில், புர்காவுக்குள், கேமராப் பையும் அதில் தன் சின்ன லென்ஸும். கிழக்கு வெளுத்தது. எருமைகள் வந்தன. தூரத்தில் பொன்னியம்மா கரைமேல் குந்திப் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். மணி ஆறே முக்கால் ஆனபோது, பத்தடிக்கு அப்பால் கோரை அசைந்தது.

முதலில் மூக்கு வந்தது. அப்புறம், ஆணுக்கு மங்கல் மஞ்சளில் இருக்கும் அந்த மூக்குக்கண்ணாடிக் கண். ரைஹானா மூச்சை நிறுத்திவிட்டாள். ஆண் பறவை ஓரடி எடுத்து வைத்து நின்றது, உடம்பை மேலும் கீழும் ஆட்டியது, திரும்பிப் பார்த்தது. பின்னாலேயே ஒன்று. இரண்டு. மூன்று. கொஞ்சம் தள்ளி, கால் தடுக்கித் தடுக்கி நான்காவது. நான்கும் இருந்தன! அல்ஹம்துலில்லாஹ் என்று அவள் உதடு அசைந்தது. கண் கலங்கி, எதிரில் இருந்ததெல்லாம் மங்கிப்போயிற்று. கலங்க இதுவா நேரம் என்று தன்னையே அதட்டிக்கொண்டு, கண்ணை லென்ஸுக்குக் கொடுத்தாள்.

புல் மறைத்தது. வரட்டும், வெளியே வரட்டும் என்று காத்தாள். வந்தன. வந்தவை நிற்கவில்லை. எருமை மிதித்துக் கிளறிய சேற்றில் புழு நெளிந்திருக்க வேண்டும், ஐந்தும் அவளை நோக்கியே நடந்து வந்தன. எட்டடி. ஏழடி. ஆறடி. அவள் பட்டனை அழுத்தினாள். 'ஞ்ஙீ... ஞ்ஙீ...' என்று லென்ஸ் உள்ளுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓடியது. எல்லாம் மங்கல். மறுபடி அழுத்தினாள். மறுபடியும் மங்கல். அப்போதுதான் லென்ஸின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்த எண் ஞாபகம் வந்தது. மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கும் கிட்டே வந்தால் அந்த லென்ஸுக்குக் கண் குருடு. தாங்கலின் அந்தக் கரையில் நிற்கும் கொக்கின் இமையை எண்ணிக் காட்டும் பெரிய மனுஷனுக்கு, காலடியில் இரண்டு மீட்டரில் நிற்பது தெரியவில்லை. நாசமாய்ப் போக!

பின்னால் நகர முடியாது. நகர்ந்தால் பறந்துவிடும். சின்ன லென்ஸ் மடியில் இருக்கிறது, அதற்கு ஒரு மீட்டரே போதும், ஆனால் எடுத்து மாட்டுவதற்குக் கையை வெளியே நீட்டினால் தீர்ந்தது.

ரைஹானாவின் கைகள் அவளைக் கேட்காமலே வேலையைத் தொடங்கின. இரண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்த கைகள் அவை. பூந்தமல்லியிலிருந்து பிராட்வே போகும் பஸ்ஸில், மூச்சுவிட இடமில்லாத கூட்டத்தில், அழும் பிள்ளையைப் புர்காவுக்குள் இழுத்து, கொக்கியைக் கழற்றி, இந்தப் பக்கம் பால் கொடுத்து, அந்தப் பக்கம் மாற்றி, கொக்கியை மாட்டி வெளியே எடுக்கும்போது, பக்கத்து சீட்டுக்காரிக்குக்கூட என்ன நடந்ததென்று தெரிந்திருக்காது. கண்ணால் பார்த்தா செய்தாள்? விரல் பார்த்துக்கொண்டது.

கேமராவை அங்குலம் அங்குலமாகத் துணிக்குள் இழுத்தாள். தலையிலிருந்து இடுப்புவரை தொங்கிய கறுப்புத் துணி அதை மூடிக்கொண்டது. உள்ளே இடது கட்டைவிரல் பட்டனைத் தேடி அழுத்தியது. பெரிய லென்ஸ் திரும்பி, கழன்று, மடியில் இறங்கியது. சின்ன லென்ஸின் கழுத்தில் புடைத்துக்கொண்டு ஒரு பொட்டு இருக்கும். அதை விரல் நுனி கண்டுபிடித்தது. வைத்தாள், திருப்பினாள், 'க்ளிக்'. வெளியே அவள் முகம் ஆடவில்லை, தோள் ஆடவில்லை. ஆண் உள்ளான் ஒருமுறை அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒரு புழுவை இழுத்துக் குஞ்சின் வாய்க்கு நேரே பிடித்தது. துணியின் நடுவிலிருந்து லென்ஸின் முனை மட்டும் எட்டிப்பார்த்தது.

வெயிலும் அப்போதுதான் வந்து சேற்றில் விழுந்தது. எடுத்தாள். குஞ்சு புழுவோடு மல்லுக்கட்டுவதை எடுத்தாள், இரண்டு குஞ்சுகள் அப்பனின் காலுக்கடியில் நுழைவதை எடுத்தாள். சத்தம் வராதபடி ஏற்கெனவே அடக்கி வைத்திருந்தாள் கேமராவை. அந்த நேரம் பார்த்து, படுத்திருந்த எருமைகளில் ஒன்று எழுந்து, புல்லை முகர்ந்துகொண்டே குஞ்சுகளை நோக்கி மூக்கை நீட்டியது.

பறந்துவிடும் என்றுதான் ரைஹானா நினைத்தாள். பறக்கவில்லை. அந்தச் சாணளவுப் பறவை எருமைக்கு எதிரே போய் நின்று, இரண்டு இறக்கையையும் விசிறி மாதிரி விரித்தது. மங்கல் நிறம் என்று சொன்னோமே, அந்த இறக்கைக்குள் அத்தனை பொன் வட்டங்கள்! 'க்ஹ்ஹ்' என்று சீறியது. இறக்கைக்குப் பின்னால் நான்கு குஞ்சும் ஒண்டிக்கொண்டன. எருமையின் மூக்கு முழுதும் படத்துக்குள் வரும்படி ரைஹானா லென்ஸைச் சுருக்கினாள். ஈரமான கறுப்பு மூக்கு, விரிந்த இறக்கை, இடுக்கில் நான்கு தலை. அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். எருமை என்ன நினைத்ததோ, தும்மிவிட்டுத் திரும்பிப் போயிற்று. அப்பன் இறக்கையை மடக்கி, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் கோரைக்குள் போய்ச் சேர்ந்தது.

ரைஹானா எழுந்து கரைக்கு ஓடினாள். பொன்னியம்மாவைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று சுற்றினாள்.

"அய்ய, உடும்மே! வாயெல்லாம் பல்பொடி கீது" என்றாள் பொன்னியம்மா. "இன்னா ஆச்சு, லாட்டிரி கீட்டிரி வியுந்துச்சா?"

ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் ஹாலில் கூட்டம் அதிகம். பட்டியலைச் சரிபார்க்க, நகரத்திலுள்ள ஒரு கல்லூரியிலிருந்து பறவை ஆராய்ச்சி செய்யும் கார்த்திகாவை அழைத்திருந்தார்கள். முப்பது வயதிருக்கும், கறாரான பெண். ஜெகதீஷ் அனுப்பிய இரண்டு பறவைகளையே, "இது நீங்க சொல்றது இல்ல சார், வேற" என்று அடித்துவிட்டிருந்தாள். ரைஹானா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மஸூத் இந்தத் தடவை வாசலில் நிற்காமல், இரண்டு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டான்.

"அடுத்து ரைஹானா மேடம்" என்றார் ஜெகதீஷ். "கோரைத் தாங்கல்."

படம் திரையில் விழுந்தது. டீ கொண்டுவந்த ஆள்கூட தட்டோடு நின்றுவிட்டான். ஓர் எருமையின் மூக்குக்கு எதிரே, பொன் வட்டம் பதித்த இரண்டு இறக்கைகள் சுவர் முழுக்க விரிந்து நின்றன. ஒவ்வொரு குஞ்சின் தலையிலும் ஓடிய கோட்டை எண்ணிவிடலாம் போலிருந்தது.

"இது என்ன லென்ஸ்?" ஜெகதீஷின் குரலே மாறியிருந்தது. "டேவிட் சாரோட அறுநூறா?"

"இல்லீங்க சார். என்னோட எரநூத்தம்பதுதான்."

கார்த்திகா எழுந்து திரைக்குக் கிட்டே போனாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் ஹாலைப் பார்த்துத் திரும்பி, "குஞ்சுங்களை மறைச்சிக்கிட்டு நிக்குதே, இது யாரு? சொல்லுங்க பார்ப்போம்" என்றாள்.

"அம்மா மேடம்" என்றான் பின்வரிசைக்காரன். போன வாரம் டயப்பர் ஜோக் அடித்தவனேதான். "எருமைய எதுத்து நிக்குதுன்னா அது அம்மாதான்."

"அத்தா" என்றாள் ரைஹானா.

ஆண் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது, அவள் வீட்டில் பிள்ளைகள் தகப்பனைக் கூப்பிடும் சொல். நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"கரெக்ட்" என்றாள் கார்த்திகா. "அத்தாதான். மயில் உள்ளான்ல அடைகாக்கிறதும் வளக்கிறதும் ஆண். இந்தப் பக்கத்து ஏரிகள்ல குஞ்சோட யாரும் பதிவு பண்ணினதில்லன்னு உங்க லிஸ்ட்டே சொல்லுது. இதுதான் முதல்." பேனாவை எடுத்துப் பட்டியலில் எழுதிக்கொண்டே ஹாலுக்குக் கேட்கும்படி வாசித்தாள். "மயில் உள்ளான். ஆண் ஒன்று, குஞ்சு நான்கு. கோரைத் தாங்கல். முதலில் பார்த்தவர்... முழுப் பேர் சொல்லுங்க."

"ரைஹானா மஸூத்." குரல் உடையாமல் சொல்லிவிட்டாள்.

ஜெகதீஷ் எழுந்து அவள் எதிரே வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. "போன வாரம் நான் நடந்துக்கிட்டது தப்பு மேடம். பார்த்தவங்க சொல்றத நான் கேட்டிருக்கணும்." சொல்லி முடித்தும் போட்டோக்காரன் புத்தி விடவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ரெண்டு மீட்டர் கிட்ட ஒக்காந்திருக்கீங்க. லென்ஸ் வேற மாத்தினீங்கன்னு இப்பதான் டேவிட் சார் காதுல போட்டாரு. அது பறக்கல! என்ன ஹைடு அது? எந்தக் கம்பெனி?"

ரைஹானா எழுந்து நின்றாள். ஹால் முழுவதும் அவளைத்தான் பார்த்தது. புர்காவின் இரண்டு பக்கத்தையும் விரல் நுனியில் பிடித்து, லேசாக விரித்துக் காட்டினாள்.

"இதாங்க சார்."

முதலில் தட்டியது டேவிட். அப்புறம் கார்த்திகா, ஜெகதீஷ், பின்வரிசை, தட்டை மேஜையில் வைத்துவிட்டு டீக்காரனும். தகரக் கூரை அதிர்ந்தது. மஸூத்தால் மட்டும் கைதட்ட முடியவில்லை. ஒரு தோளில் சின்னவன் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தான், இன்னொரு கையைச் சஹர் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். கை இல்லாதவன் என்ன செய்வான்? நாக்கை மடித்து, கழுத்து நரம்பு புடைக்க ஒரு விசில் அடித்தான் பாருங்கள், சின்னவன் அலறிக்கொண்டு எழுந்துவிட்டான். பிள்ளையின் முதுகை முகவாயாலேயே தடவிச் சமாதானப்படுத்திக்கொண்டு, மஸூத் இரண்டாவது விசிலையும் அடித்தான்.